இரண்டு வருஷம் எங்கே போயிற்று?

உத்தியோகம் தேடுவதே ஓர் உத்தியோகம் என்று நம் ஊர்ப் பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தில் இருப்பவர்கள் தினந்தோறும் செய்யவேண்டிய வேலை, தங்களைப் பற்றித் தாங்களே எழுதுவது. இதைவிடச் சங்கடமான காரியம் வேறில்லை. அண்டை வீட்டுக்காரரைப் பற்றி எழுதச் சொன்னால் நம்மவர்கள் சளைக்காமல் நாற்பது பக்கம் எழுதிவிடுவார்கள். தம்மைப் பற்றி எழுதச் சொன்னாலோ, ஒன்று, கை கூப்பிக் கெஞ்சுவார்கள். அல்லது தமக்குத் தாமே பொன்னாடை போர்த்திக் கொள்வார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, நம்மிடம் படித்த பழைய மாணாக்கன் ஒருவன் வீட்டிற்கு வந்தான். பி.காம். தேறியவன். கையில் நான்கு பக்கத் தாள். "ஸார், கணக்குப் பிரிவில் ஒரு வேலைக்கு அனுப்பப் போகிறேன். இங்கிலீஷில் பிழை இருந்தால் பார்த்துத் தரவேண்டும்" என்றான்.

இந்தத் தாளுக்கு இப்போது பல பெயர்கள் வழங்குகின்றன. சிலர் பயோடேட்டா என்கிறார்கள். சிலர் ரெஸ்யூமே என்கிறார்கள். சி.வி. என்பது லத்தீன் மொழியில் 'வாழ்க்கையின் போக்கு' என்று பொருள்படும் இரண்டு சொற்களின் சுருக்கம். பெயர் கம்பீரமாய்த்தான் இருக்கிறது. ஆனால் நம் மாணாக்கனின் தாளில் வாழ்க்கையும் இல்லை, போக்கும் இல்லை. புகழ் பெற்ற ஸ்தாபனத்தில் தன் திறமைகளைப் பயன்படுத்தி ஸ்தாபனத்தையும் தன்னையும் உயர்த்துவதே தன் லட்சியம் என்று ஆரம்பத்தில் ஒரு பிரகடனம். பிறகு, கடின உழைப்பாளி, விரைவில் கற்பவன், எல்லோருடனும் இணங்கி வேலை செய்பவன் என்று ஒரு வரிசை. தகப்பனார் பெயர், மதம், உயரம், எடை, பொழுதுபோக்கு எல்லாம் ஒழுங்காக வந்தன. முடிவில், மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மையென்று உறுதி கூறி ஒரு கையெழுத்து.

அந்த உறுதிமொழிக்குச் சற்று மேலே ஒரு வரி நம் கண்ணை உறுத்தியது. 2022 முதல் 2024 வரை பட்டணத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் கணக்குப் பயிற்சி பெற்றதாக அதில் கண்டிருந்தது. நமக்கு ஆச்சரியமாயிருந்தது. ஏனெனில் அந்த இரண்டு வருஷமும் நம் வீட்டுக்குத் துவரம் பருப்பு நிறுத்துக் கொடுத்தவன் அவன்தான்!

"தம்பி, இந்தப் பயிற்சி எப்போது நடந்தது?" என்று கேட்டோம்.

அவன் தலை குனிந்தான். "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து கடையை நான்தானே ஸார் பார்த்துக் கொண்டேன்? மளிகைக் கடையில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதினால் சிரிக்க மாட்டார்களா? இரண்டு வருஷம் எங்கே போயிற்று என்று கேட்பார்களே! ஒரு சிநேகிதன் மூவாயிரம் ரூபாய்க்குச் சர்ட்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்றான்."

ஒரு துறைமுகக் குமாஸ்தாவின் மனு

அவனுக்கு நாம் ஒரு பழைய மனுவின் கதையைச் சொன்னோம். 1912-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி, திருவல்லிக்கேணியில் வசித்த ஓர் இளைஞர் சென்னைத் துறைமுக டிரஸ்டின் பிரதம கணக்கருக்கு எழுதிய மனு அது. இளைஞருக்கு வயது 24. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளத்தை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியிலும் படித்து எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். அதன் பிறகு பல வருஷங்கள் நிலையான உத்தியோகம் எதுவும் இல்லாதவர். அவர் பெயர் சீனிவாச ராமானுஜன்.

மனு சில வரிகளே கொண்டது. காரியாலயத்தில் ஒரு குமாஸ்தா வேலை காலியிருப்பதாக அறிந்து விண்ணப்பிப்பதாகத் தொடங்குகிறார். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார். எப்.ஏ. வரையில் படித்ததைச் சொல்கிறார்; தேறியதாகச் சொல்லவில்லை. இடையூறுகள் நேர்ந்தபடியால் படிப்பைத் தொடர முடியவில்லை என்றும், ஆயினும் தமது காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வந்ததாகவும் எழுதுகிறார். வேலையைச் சரிவரச் செய்யத் தம்மால் முடியுமென்ற நம்பிக்கையைத் தெரிவித்து முடிக்கிறார். அவ்வளவுதான். மார்ச்சு மாதம் முதல் தேதியன்று வேலையில் சேர்ந்தார்.

இந்த மனு ஒன்றே வேலையை வாங்கித் தந்தது என்று நாம் சொல்ல மாட்டோம். நெல்லூர் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவ் போன்ற பெரியோர்களின் ஆதரவு அவருக்கு இருந்தது. பிரதம கணக்கர் நாராயண ஐயர் தாமே கணிதப் பிரியர். ஆயினும் அந்த மனுவில் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வாழ்க்கையில் விழுந்திருந்த ஓட்டையை ராமானுஜன் மறைக்கவில்லை; அதற்காக அழவும் இல்லை. ஒரே வாக்கியத்தில் அதை ஒப்புக் கொண்டு, அந்தக் காலத்தில் தாம் என்ன செய்தார் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

சுமார் ஒரு வருஷம் கழித்து, 1913-ஆம் வருஷம் ஜனவரி 16-ஆம் தேதி, அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதமும் இதே மாதிரிதான். வருஷத்திற்கு 20 பவுன் சம்பளம் பெறும் துறைமுகக் குமாஸ்தா என்று தம்மை அறிமுகப்படுத்திக் கொண்டார். சர்வகலாசாலைப் படிப்பு இல்லை என்று சொன்னார். கூடவே, தாம் கண்ட சூத்திரங்களைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தார். 'நான் மேதாவி' என்று அவர் எழுதவில்லை. அதை ஹார்டியே கண்டு கொண்டார். வயதை மட்டும் சுமார் 23 என்று எழுதிவிட்டார். உண்மையில் 25 ஆகியிருந்தது. ஹார்டி அதைப் பொருட்படுத்தவில்லை. இன்று நம் பிள்ளைகள் நிரப்பும் படிவங்களில் பிறந்த தேதி ஒரு நாள் மாறினாலும் விமோசனம் கிடையாது.

நம்முடைய குற்றம்

ராமானுஜனின் மனுவோடு ஒரு சிபார்சும் இணைக்கப்பட்டிருந்தது. பிரஸிடென்ஸி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதியது. எண்களைக் கையாளுவதில் இந்த இளைஞருக்கு அபூர்வமான ஆற்றல் உண்டென்றும், கணக்குப் போடுவதில் மிகுந்த வேகமுடையவர் என்றும் அதில் எழுதியிருந்தார். கணக்குக் குமாஸ்தாவைத் தேடும் காரியாலயத்திற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன வேண்டும்?

இங்கே நம்முடைய குற்றத்தையும் ஒப்புக் கொள்ள வேண்டும். இருபது வருஷமாக நாம் எத்தனையோ நற்சாட்சிப் பத்திரங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். 'ஒழுக்கமும் உழைப்பும் நிறைந்தவர்' என்று அச்சடித்தாற்போல் எல்லோருக்கும் ஒரே வாக்கியம். அதை எழுதும்போது பையனுடைய முகம்கூட நமக்கு ஞாபகம் வந்ததில்லை. ஒரு சமயம் ஆசிரியர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் நாமும் உட்கார நேர்ந்தது. மேஜையில் அறுபது மனுக்கள். பத்தாவது மனுவுக்குள் அயர்ந்து போனோம். ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் ஒழுக்கமும் உழைப்பும் நிறைந்தவர்களாகவே இருந்தார்கள்! ஒரே ஓர் அம்மாள் மட்டும், ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறிய பதினொரு குழந்தைகளைத் தினம் அரைமணி நேரம் தனியே வைத்துக் கொண்டு, வருஷ முடிவில் ஒன்பது பேரைத் தடையில்லாமல் படிக்கச் செய்ததாக எழுதியிருந்தார். கமிட்டியில் அத்தனை பேரும் அந்தத் தாளைக் கை மாற்றி வாங்கிப் படித்தோம். ஒரு பெண்மணி செய்த வேலை நம் கண் முன்னே நின்றது.

கேட்பவருக்கு வேண்டியது முதலில்

தகுதிகளை வரிசைப்படுத்தி எழுதிய ஒரு மனு சரித்திரத்தில் மிகவும் பிரசித்தமானது. 1482-ஆம் வருஷத்தை ஒட்டி, இத்தாலியில் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்ஸாவுக்கு லியனார்டோ டா வின்சி எழுதியது. அவர் பெரிய சித்திரக்காரர் என்பதை நாம் அறிவோம். ஆனால் சித்திரத்தைப் பற்றிய பேச்சு அந்தக் கடிதத்தில் கடைசியில்தான் வருகிறது. எளிதில் தூக்கிச் செல்லக்கூடிய பாலங்கள், கோட்டைகளை முற்றுகையிடும் உபாயங்கள், பீரங்கிகள், மூடிய போர் ரதங்கள் என்று யுத்த சாதனங்களையே இலக்கமிட்டு முதலில் அடுக்கியிருக்கிறார். மிலான் பிரபுவுக்கு அப்போது யுத்தக் கவலை. அதைத் தெரிந்து கொண்டு எழுதியவர் லியனார்டோ. சொன்னவற்றில் சந்தேகம் இருந்தால் செய்து காட்டவும் தயார் என்று முடித்தார். அவர் அடுக்கியவற்றில் பெரும்பாலானவை அதுவரையில் ஏட்டிலும் மனத்திலுமே இருந்தவை. அந்தத் துணிச்சலை நம்மவர்கள் பின்பற்ற வேண்டாம். கேட்பவருக்கு எது வேண்டுமோ அதை முதலில் வைக்கும் புத்தியை மட்டும் எடுத்துக் கொண்டால் போதும்.

எனவே, ஒரே தாளை நூறு இடங்களுக்கு அனுப்புவது வீண். விளம்பரத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். அவர்கள் கேட்பதில் நம்மிடம் உள்ளது எது என்று கோடிட்டு, அதை முதற் பக்கத்தின் மேற்பாதியில் வைக்க வேண்டும். பெரிய கம்பெனிகள் பலவற்றில் இப்போது மனுக்களைக் கம்ப்யூட்டரே முதலில் சல்லடை போடுகிறது. அது விளம்பரத்திலுள்ள சொற்களைத் தேடும். 'வரவு செலவுச் சரிபார்ப்பு' என்று அவர்கள் கேட்டிருந்தால், நாமும் அதே சொல்லை எழுதுவது நலம். அந்த வேலையை உண்மையில் செய்திருந்தால் மாத்திரம். பூ வேலைப்பாடுகளும் கட்டங்களும் பல வர்ணங்களும் அந்த இயந்திரத்தைக் குழப்பக்கூடும். சாதாரண எழுத்தில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் எழுதி, பி.டி.எப். ஆக அனுப்பினால் போதுமானது.

அண்மையில் செய்தது முதலிலும் பழையது பின்னாலும் வரட்டும். உயரமும் எடையும் போலீஸ் உத்தியோகத்துக்கு வேண்டும். கணக்கு எழுத வேண்டியதில்லை. மதம், ஜாதி, ஆதார் எண் முதலியவற்றைக் கேட்டாலன்றி எழுத வேண்டாம். மின்னஞ்சல் முகவரி, கல்லூரி நாட்களில் விளையாட்டாக வைத்துக் கொண்ட பட்டப் பெயரில் இருக்கலாகாது. யாரையாவது சாட்சியாகக் குறிப்பிடுவதானால் அவரை முன்கூட்டிக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

தமிழர்களுக்குப் பிரத்தியேகமாக ஒரு தொல்லை உண்டு, அதுதான் இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாய் நிற்பது, ஆதாரில் தகப்பனார் பெயராய் விரிந்து பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். வேலை கிடைத்த பிறகு இதனால் அலைந்தவர்கள் அநேகர். முன்பே எல்லாவற்றையும் ஒன்றாக்கிக் கொள்வது நல்லது. சர்க்கார் உத்தியோகங்களுக்கென்று தனிப் படிவங்கள் உண்டு. அவற்றில் நமது கைவண்ணத்துக்கு இடமில்லை. கேட்டதைக் கேட்டபடி நிரப்ப வேண்டும்.

கடையில் நடந்த வேலை

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சரி, தம்பி, கடையில் என்னதான் செய்தாய்? சொல்" என்றோம்.

"என்ன ஸார், சாமான் கட்டிக் கொடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

கேட்கக் கேட்க விஷயம் வந்தது. கடையில் சுமார் எழுபது குடும்பங்களுக்கு மாதக் கணக்கு. தகப்பனார் எல்லாவற்றையும் நீள நோட்டில் எழுதி வைத்திருந்தார். பாதி அவருடைய ஞாபகத்தில் இருந்தது. அவர் பேச்சிழந்து படுத்தபோது அந்தக் கணக்கும் பேச்சிழந்தது. பையன் மூன்று மாதம் இரவில் உட்கார்ந்து நோட்டுகளை ஒப்பிட்டு, அவ்வளவையும் கம்ப்யூட்டரில் டாலிக் கணக்காக மாற்றினான். வீடு வீடாகப் போய், சண்டையில்லாமல், பழைய பாக்கியில் பெரும் பகுதியை வசூலித்தான். மொத்த வியாபாரிகளின் பில்களைச் சரி பார்த்தான். ஜி.எஸ்.டி. கணக்கைத் தானே தாக்கல் செய்தான்.

"இதையெல்லாம் விட்டுவிட்டு, போகாத பயிற்சி நிலையத்தை மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கப் பார்த்தாயே!" என்றோம். அவன் சிரித்தான். கண்ணில் நீரும் இருந்தது. கடைக்காரரின் மகன் என்பதில் அவனுக்கிருந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று நாம் யோசித்தோம். நாற்காலியில் உட்கார்ந்து செய்வதுதான் உத்தியோகம், மற்றதெல்லாம் பிழைப்பு என்று நம் பள்ளிக்கூடங்களே அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. அந்தப் பாடத்தை நடத்தியவர்களில் நாமும் ஒருவர்.

அன்றிரவே நான்கு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. முதலில் கடை, அதன் கீழே பி.காம். 'தகப்பனாரின் நோய் காரணமாகக் குடும்பக் கடையைப் பொறுப்பேற்று நடத்தினேன்' என்று ஒரே வரி. அதற்கடியில் செய்த காரியங்கள் நான்கு.

முதலில் அனுப்பிய இடத்திலிருந்து பதிலே வரவில்லை. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவதாக ஒரு லாரி போக்குவரத்துக் காரியாலயத்தில் கூப்பிட்டார்கள். அவனுடைய மார்க்குகளைப் பற்றி ஒரு கேள்விதான் கேட்டார்களாம். பழைய பாக்கியைச் சண்டையில்லாமல் எப்படி வசூலித்தாய் என்பதைப் பற்றி இருபது நிமிஷம் கேட்டார்களாம். இப்போது அங்கேதான் கணக்குப் பார்க்கிறான். சம்பளம் பெரிதல்ல, ஆனால் தகப்பனாரின் மருந்துச் செலவுக்குக் கட்டுகிறது.

அந்தத் தாளின் முடிவிலிருந்த உறுதிமொழியை நாம் அடித்துவிடச் சொன்னோம். இக்காலத்தில் அது அவசியமில்லை. "இருக்கட்டும், ஸார்" என்று அவன் மறுத்துவிட்டான். விவரங்கள் யாவும் உண்மையென்ற அந்த வரிக்குக் கீழே, நம் எதிரிலேயே நிதானமாகக் கையெழுத்திட்டான்.