சினை நிற்காத நாய்: நாள் தவறா, கருப்பை நோயா?

"மூணு தடவை கிராஸ் விட்டாச்சு சார், சினையே நிக்கல." சேலம், நாமக்கல் பக்கம் நாய் வளர்ப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. மூன்று தடவை என்றால் ஏறக்குறைய ஒன்றரை வருடம். மாடு சினை பிடிக்காவிட்டால் 21ஆம் நாளே டாக்டருக்குப் போன் போடுகிறவர்கள்தான் இவர்கள்.

பத்தாம் நாள் கணக்கு

எல்லாம் நோயல்ல. ரத்தம் கண்ட பத்தாம் நாள் விட்டால் போதும் என்பது பழைய கணக்கு. ஏழாம் நாளே தயாராகும் நாய் உண்டு, பதினைந்து தாண்டியும் தயாராகாதது உண்டு. புரோஜெஸ்டிரோன் ரத்தப் பரிசோதனை சரியான நாளைச் சொல்லிவிடும். நாளும் சரி, கடுவனும் சரி, இன்னும் நிற்கவில்லையா? அப்போது கருப்பை அழற்சியைச் சந்தேகிக்க வேண்டும்.

கருப்பை அழற்சி உள்ள நாய் நன்றாகத் தின்னும், கோழிப்பண்ணையைக் காவல் காக்கும், தவறாமல் பருவத்துக்கும் வரும். ஸ்கேனில்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். உறுதி செய்ய, கருப்பைக்குள்ளிருந்து எடுத்த செல்லைப் பார்க்க வேண்டும், கிருமி வளர்ப்பு செய்ய வேண்டும், தேவைப்பட்டால் சிறு திசுவும் எடுக்க வேண்டும், கூடவே புரூசெல்லா கிருமிக்கான சோதனையும் வேண்டும். பிறப்புறுப்பின் வாயில் மட்டும் பஞ்சு தடவிப் பார்த்தால் போதாது. அங்கே எப்போதும் கிருமி இருக்கும்.

கருப்பையைக் 'கழுவும்' வைத்தியம்

எள்ளும் வெல்லமும் கொடுத்தால் கருப்பை சுத்தமாகுமாம். ஆகாது. வீட்டில் மிஞ்சிய ஆன்டிபயாடிக்கில் பாதி கொடுத்தால் கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். மாட்டுக்கு வாங்கிய ஊசியில் மிச்சத்தைப் போட்டேன் என்பார்கள். அது புரோஸ்டாகிளாண்டின் என்றால் நாய்க்கு வாந்தி, மூச்சிரைப்பு; சீழ் அடைத்த கருப்பையாக இருந்தால் கிழிந்தே போகலாம். யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?

இவற்றையெல்லாம் விட மோசமானது, பருவம் வராமலிருக்கப் போடும் ஹார்மோன் ஊசி. கருப்பையின் உட்சுவர் தடித்து, கிருமி சுலபமாகக் குடியேறுகிறது. இந்த வருடம் குட்டி வேண்டாமென்று அதைப் போட்டவரே அடுத்த வருடம் குட்டி வேண்டுமென்று வருவார். "ஒரு ஈத்து போட்டா கருப்பை சுத்தமாயிடும்" என்பதும் கட்டுக்கதை.

தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்

பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கிறது, ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது, சோற்றை ஒதுக்குகிறது என்றால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். கசிவு இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். வாய் மூடிய கருப்பையில் கசிவே வராது. வந்தாலும் நாய் நக்கிவிடும். அன்றைக்கே கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இங்கேதான் இருக்கிறது. தலைவாசலிலும் இப்போது கல்லூரி வந்துவிட்டது.

கெஞ்சிக் கேட்கிறேன்: ரத்தம் கண்ட தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். குட்டி வேண்டாமென்றால் ஊசி தேடாமல் கருத்தடை அறுவைக்குக் கூட்டி வாருங்கள்.