பனிமலைத் தலங்களில் ஓர் இரவு: முதிய யாத்திரிகர்களுக்கு ஏற்ற உறக்கப் பை

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில் உள்ள மண்டகப்பட்டு சிறிய ஊர்தான். ஆயினும் தமிழகக் கோயிற்கலை வரலாற்றில் அதற்குத் தனியிடம் உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே ஒரு பாறையைக் குடைந்து பிரமன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய எதுவுமின்றி எடுக்கப்பட்ட ஆலயம் இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பெருமிதத்துடன் கூறுகிறது. காலம் அழித்துவிடும் பொருள்களை விலக்கி, நிலைத்து நிற்கும் பொருளைத் தேர்ந்தெடுத்தான் விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் கொண்ட அம்மன்னன். முகப்பின் இருபுறமும் நிற்கும் வாயிற்காவலர் சிற்பங்கள் அத்தேர்வுக்கு இன்றளவும் சாட்சியாக நிற்கின்றன.

இவ்வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இரவில் வெட்டவெளியில் தங்குவது புதிதன்று. அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்தைக் காணக் காத்திருப்போர்க்கும், பௌர்ணமியில் திருவண்ணாமலையை வலம்வந்து களைத்துச் சாய்வோர்க்கும் ஒரு பாயும் ஜமுக்காளமும் போதும். மார்கழிப் பனியானால் மேலே ஒரு கம்பளி. இந்தப் பழக்கத்தையே நம்பிக் கேதாரநாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் முக்திநாத்துக்கும் புறப்படும்போதுதான் இடர் நேர்கிறது. அங்குள்ள குளிர் வேறு வகையானது. அதைத் தாங்குவதற்கென்றே அமைந்தது, ஸ்லீப்பிங் பேக் எனப்படும் உறக்கப் பை.

எவ்வளவு குளிரும்?

கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் மேலே செல்லும்போதும் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி செல்சியஸ் குறைகிறது. கேதாரநாத் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே உயரம் ஒன்றினால் மட்டுமே சமவெளியைவிட அங்கே சுமார் 23 டிகிரி குறைந்துவிடும். செஞ்சியில் மின்விசிறியின்றி உறங்க இயலாத சித்திரை, வைகாசி மாதங்களில், கேதாரத்தில் இரவு வெப்பம் நீர் உறையும் நிலையை நெருங்குகிறது. பனி பெய்யும் நாள்களும் உண்டு. நடைசாத்தும் காலமாகிய ஐப்பசியில் குளிர் இன்னும் மிகும். பத்ரிநாத் சுமார் 3,100 மீட்டர், முக்திநாத் சுமார் 3,700 மீட்டர், மானசரோவர் ஏரி ஏறத்தாழ 4,590 மீட்டர். கயிலை வலத்தில் கடக்க வேண்டிய டோல்மா கணவாய் 5,600 மீட்டருக்கும் மேல்.

எனவே பை வாங்கும் முன் மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்: எந்தத் தலம், எந்த மாதம், தங்குவது கட்டடத்திலா கூடாரத்திலா. இம்மூன்றுக்கும் விடை தெரியாமல் வாங்கும் பை, அளவு கொடாமல் தைத்த சட்டையைப் போன்றதே.

பையின் மீதுள்ள எண்கள்

உறக்கப் பையின் மேல் "0 டிகிரி", "மைனஸ் 5 டிகிரி" என்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிவதே இவ்விஷயத்தில் பாதி வெற்றி. ஐரோப்பாவில் உருவாகி, இப்போது ஐஎஸ்ஓ 23537 என வழங்கும் தர அளவீட்டின்படி ஒரு பைக்கு மூன்று வெப்பநிலைகள் குறிக்கப்படுகின்றன. முதலாவது 'கம்ஃபர்ட்', ஒரு பெண்மணி கைகால்களைத் தளர்த்திக் குளிரின்றி உறங்கக்கூடிய நிலை. இரண்டாவது 'லிமிட்', ஓர் ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு ஒருவாறு சமாளிக்கக்கூடிய எல்லை. மூன்றாவது 'எக்ஸ்ட்ரீம்', இந்நிலையில் உறக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஆறு மணி நேரம் உயிர் தரிக்கலாம், ஆனால் உடல் விறைக்கும் அபாயம் உண்டு என்பதே பொருள்.

பல பைகளில் பெரிய எழுத்தில் இருப்பது இரண்டாம் எண்ணோ மூன்றாம் எண்ணோ ஆகும். முதல் எண் உள்ளே தைத்த சிறு துணிச்சீட்டில் ஒளிந்திருக்கும். வாங்குவோர் முதல் எண்ணையே கேட்டுப் பெற வேண்டும். மூன்றில் எது என்று சொல்லாமல் ஒரே ஓர் எண்ணை மட்டும் அச்சிட்டு மலிவாக விற்கப்படும் பைகளை நம்பிப் பனிமலைக்குச் செல்லலாகாது.

முதியோர் கருத்தில் கொள்ள வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அந்த அளவீட்டில் 'பெண்', 'ஆண்' எனக் கொள்ளப்படுவோர் இருவருமே 25 வயதினர்! பெண்ணின் எடை 60 கிலோ. ஆணின் எடை 73 கிலோ. எழுபதை நெருங்கும் ஒருவரது உடல் அவர்களது உடலைப் போல் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. தசை குறைந்திருக்கும், நடுக்கம் எடுத்து உடல் தன்னைச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றலும் குறைந்திருக்கும். குளிர்கிறது என்ற உணர்வே தாமதமாக வரும். ஆகவே எதிர்பார்க்கும் இரவு வெப்பத்தைவிட ஐந்து டிகிரியாவது தாழ்ந்த 'கம்ஃபர்ட்' எண் கொண்ட பையே முதியோர்க்கு ஏற்றது. பூஜ்ஜியம் டிகிரி இருக்கும் என்றால், 'கம்ஃபர்ட்' மைனஸ் ஐந்து உள்ள பையைத் தேட வேண்டும்.

இறகா, செயற்கைப் பஞ்சா?

பையினுள் அடைக்கப்படும் பொருள் இருவகை. ஒன்று வாத்து, அன்னம் இனப் பறவைகளின் மென்தூவி. எடை குறைவு, சுருட்டினால் சிறு பொதியாகிவிடும், வெதுவெதுப்பு மிகுதி. ஆனால் நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு பயனற்றுப்போகும். காய நெடுநேரம் பிடிக்கும். விலையோ பல மடங்கு. மேலும் அது பறவையிடமிருந்து வருவது. புலால் மறுத்து விரதம் காத்து யாத்திரை செல்வோர் பலர்க்கு அதில் உறங்க மனம் ஒப்பாது.

மற்றொன்று பாலியஸ்டர் இழையாலான செயற்கைப் பஞ்சு. எடையும் பருமனும் கூடுதல். எனினும் ஈரம் பட்டாலும் ஓரளவு வெப்பம் காக்கும், விரைவில் காயும், விலையும் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது. தோளில் சுமந்து பல நாள் நடக்கும் இளைஞர்க்குத்தான் எடை பெரிய கணக்கு. கேதாரத்துக்குக் குதிரையிலோ டோலியிலோ செல்லும் பெரியவர், பொதியைச் சுமை கூலியிடம் ஒப்படைத்துவிடுவார். அவருக்கு அரைக் கிலோ எடை குறைவதற்காகப் பல ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயமில்லை. திடீர் மழைக்குப் பெயர்பெற்ற அந்த மலைப்பாதையில் செயற்கைப் பஞ்சே முதியோர்க்குச் சிறந்த தேர்வு.

வடிவமும் ஜிப்பும்

தலைப்பக்கம் அகன்று கால்பக்கம் குறுகி, தலைக்கு முக்காடும் உள்ள பை வெப்பத்தை நன்கு காக்கும். உள்ளே காற்று குறைவாதலால் உடல் அதை விரைவில் சூடாக்கிவிடும். நீள்சதுரப் பையில் கால்களை நன்கு நீட்டலாம். ஆனால் சூடேற நேரமாகும். மூட்டுவலி உள்ளவர்க்கும், இரவில் இருமுறை மும்முறை சிறுநீர் கழிக்க எழுவோர்க்கும் மிகக் குறுகிய பை சங்கடமே. முக்காடுடன் கூடிய, தோளும் இடுப்பும் சற்று அகன்ற பை இரண்டுக்கும் நடுவான வழி.

கடையிலேயே பையைத் தரையில் விரித்து உள்ளே படுத்துப் பார்க்க வேண்டும். இதில் கூச்சம் கூடாது. விரல்களால் ஜிப்பை உள்ளிருந்து திறக்க முடிகிறதா, துணி அதில் மாட்டிக்கொள்கிறதா, எவர் உதவியுமின்றி எழ முடிகிறதா என்பவற்றை அங்கேயே அறிந்துகொள்வது நலம். ஜிப்பின் உட்புறம் நெடுகப் பஞ்சு அடைத்த பட்டை இருக்க வேண்டும். இல்லையேல் அந்த இடுக்கு வழியாகக் குளிர் புகும்.

கீழே விரிப்பது

நல்ல பை வாங்கியும் இரவு முழுதும் நடுங்கினோம் என்பார் சிலர். காரணம் பெரும்பாலும் தரையே. உடலின் பாரத்தால் கீழ்ப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் வெப்பம் தங்காது. பையின் எண்ணைச் சோதனைச்சாலையில் கணிக்கும்போதுகூட, சூடேற்றிய மனித உருவப் பொம்மைக்கு நீண்ட உள்ளாடை அணிவித்து, விரிப்பின் மீது கிடத்தியே அளக்கிறார்கள். ஆதலால் விரிப்பின்றிப் படுப்பவர்க்கு அந்த எண் பொருந்தாது. மூடிய நுண்ணறைகள் கொண்ட ஃபோம் விரிப்பு விலை குறைவு, எடை குறைவு, நீர் உறிஞ்சாது. பைக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கென எடுத்து வைப்பது அறிவுடைமை.

வாங்குவதா, வாடகையா?

வாழ்வில் ஒருமுறை மட்டும் கேதாரம் செல்வோர் பை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. யாத்திரைக் காலத்தில் கூடாரங்களில் உறக்கப் பையும் கம்பளியும் கிடைக்கின்றன. பலர் பயன்படுத்தியவை என்பதால், உள்ளே இடும் மெல்லிய உறை ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுசெல்லலாம். ஃப்ளீஸ் துணியாலான உறை தூய்மையும் தரும், சில டிகிரி வெதுவெதுப்பும் தரும். ஆண்டுதோறும் மலைத்தலம் செல்லும் குடும்பமாயின் வாங்குவதே சிக்கனம். உறவினரிடையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். வாங்கிய பையைச் சுருட்டி இறுக்கி வைத்தால் பஞ்சு உயிரிழந்துவிடும். ஊர் திரும்பியதும் நிழலில் உலர்த்தி, பெரிய துணிப்பையில் தளர்வாக இட்டுவைக்க வேண்டும். முதன்முறை பயன்படுத்துவோர் மார்கழி, தை மாதங்களில் உதகையிலோ கொடைக்கானலிலோ ஓர் இரவு சோதித்துப் பார்ப்பது நன்று.

இரவில் கவனிக்க வேண்டியவை

பை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் தரும் வெப்பத்தைக் காக்க மட்டுமே செய்யும். எனவே வெறும் வயிற்றோடு படுக்கலாகாது. நடந்து வியர்த்த உள்ளாடையை மாற்றி உலர்ந்ததை அணிந்து, கம்பளிக் குல்லாவும் காலுறையும் இட்டே பையினுள் நுழைய வேண்டும். முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விட்டால் ஈரம் சேர்ந்து குளிர் அதிகமாகும். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் அதைக் காலருகே வைக்கக் கூடாது. சுடுவது தெரியாமலே கொப்புளம் எழும்பிவிடும்.

மூடிய கூடாரத்தினுள்ளோ அறையினுள்ளோ கரியடுப்பை எரியவிட்டு உறங்குவது உயிருக்கே ஆபத்து. அதிலிருந்து எழும் நச்சுவாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதே இல்லை.

உடன் வருவோர் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், நாக்குழறல், தடுமாற்றம், பொருந்தாப் பேச்சு ஆகியவை தோன்றும். நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மயங்கினால், குளிர் விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நிலைமை முற்றிவிட்டது என்பதே பொருள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த போர்வையால் போர்த்தி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியவை உயரத்தால் வரும் நோயின் அறிகுறிகள். அதற்கு எந்தப் பையும் மருந்தாகாது. கீழே இறங்குவதே மருந்து. தூக்க மாத்திரை உட்கொள்ளும் பழக்கமுடையோர் புறப்படுமுன் மருத்துவரிடம் கேட்டறிவது இன்றியமையாதது.

உடலும் ஓர் ஆலயமே

திருநாவுக்கரசர் முதிர்ந்த வயதில் கயிலை நோக்கி நடந்தார். பாதம் தேய்ந்தது, கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார். இறைவனோ முனிவராக எதிர்வந்து அவரைத் தடுத்து, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றிலே கயிலைக் காட்சியைக் காட்டியருளினான் என்கிறது பெரியபுராணம். சம்பந்தரும் சுந்தரரும் திருக்காளத்தியில் இருந்தபடியே கேதாரத்தைப் பாடினர் என்பதும் அந்நூல் தரும் செய்தியே. அடியார் உடலை வருத்தித்தான் தன்னைக் காண வேண்டும் என்று ஆண்டவன் கேட்டதில்லை.

வெளியுறவுத் துறை நடத்தும் கயிலை யாத்திரைக்கு 70 வயது வரம்பு உள்ளதும், மருத்துவச் சோதனை கட்டாயமாக இருப்பதும் இக்கருத்தை ஒட்டியவையே. மருத்துவர் வேண்டாம் என்றால், அருகிலுள்ள சிவாலயத்தில் நின்று கேதாரப் பதிகத்தைப் பாடினாலும் அதே ஈசன் கேட்பான். செல்லலாம் என்றால், தக்க பையும் விரிப்பும் கொண்டு, குளிருக்கு அஞ்சாமல் உறங்கி எழுந்து, விடியலில் பனிமுடி பொன்னிறம் பூணும் வேளையில் தெளிந்த மனத்தோடு கேதாரீசுவரரைத் தரிசிக்கலாம். பல்லவ மன்னன் தன் கோயிலுக்குக் காட்டிய பொருள்தேர்வில் ஒரு பங்கையேனும், யாத்திரிகர் தம் உடலாகிய ஆலயத்துக்குக் காட்டுதல் தகும்.