பக்ஷவாதமும் மனப் பயிற்சியும்

பக்ஷவாதத்தால் ஒரு கையும் காலும் விழுந்துவிட்டவரை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கட்டிலில் கிடத்துகிறோம், சோற்றைப் பிசைந்து ஊட்டுகிறோம், "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விடுகிறோம். இந்த அன்பே அவரை முடவராக வைத்துவிடக்கூடும் என்றால் சிலருக்குக் கசக்கும். ஆயினும் அது உண்மையே.

அமெரிக்க அறிஞர் எட்வர்ட் டௌப், உணர்ச்சி நரம்புகள் அறுபட்ட குரங்குகள் அந்தக் கையை அடியோடு கைவிட்டதையும், நல்ல கையைக் கட்டிவைத்ததும் கைவிட்டதையே மீண்டும் உபயோகித்ததையும் கண்டார். உபயோகியாமையும் ஒரு பழக்கமே என்பது இதனால் விளங்கும். மாண்ட மூளை அணுக்கள் பிழைத்தெழா. ஆனால் மூளையின் மற்றப் பகுதிகள், விடாப் பயிற்சியினால், இழந்த வேலையில் ஒரு பங்கை ஏற்கவல்லவை.

இப்பயிற்சியில் மனத்துக்கும் பங்குண்டு. 2007ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனையில், நோய் கண்டு சராசரி மூன்றரை வருஷம் கடந்த 32 பேர், வாரம் இருமுறையாக ஆறு வாரம் கைப் பயிற்சி செய்தனர். பயிற்சி முடிந்ததும் சிலர் சும்மா இளைப்பாறினர். மற்றவர் அதே செயல்களை மனத்தில் செய்து பார்த்தனர். பின்னவருடைய கையே அதிகம் தேறியது.

மனம் ஒன்றே போதுமோ? போதாது. 2011ல் பிரிட்டனில் 121 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனையில், நான்கு வார மனப் பயிற்சியால் மட்டும் தனிப் பலன் காணப்படவில்லை. இரு சோதனைகளும் எல்லாவகையிலும் ஒத்தவையல்ல. எனினும் அவை காட்டும் வழி தெளிவு. இரவில் வழக்கை மனத்துள் வாதித்துப் பார்க்கும் வக்கீல் மறுநாள் நன்றாக வாதிப்பான். கோர்ட்டுக்கே போகாதவனுக்கோ தீர்ப்புக் கிடையாது.

ஆகவே, வைத்தியரின் அனுமதி பெற்று, நோயாளி கண்ணை மூடி, தம் கை டம்ளரை நோக்கி நீள்வதையும், விரல்கள் விரிந்து அதைப் பற்றுவதையும் நிதானமாக எண்ணட்டும். பின்பு அதே கையால் அதையே முயலட்டும். டம்ளர் கவிழ்ந்தால் கவிழட்டும். வீட்டார் பாய்ந்து பிடிக்க வேண்டாம்.

வீடு தேடி இயன்முறைச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாட்டைத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2021ல் தொடங்கியது. வருகிறவர் உடற்பயிற்சியோடு இம்மனப் பயிற்சியையும் கற்பிப்பாராக. அதற்குப் பெரும் பொருட்செலவில்லை, பொறுமைதான் வேண்டும். படுத்தவர் எழுவதற்கு முதலில், எழ முடியும் என்று வீட்டார் நம்புதல் வேண்டும்.