நிறுத்தும் உராய்வு: பந்தயத் தளத்திற்குச் செல்லும் சாதாரணக் காருக்கு ஏற்ற பிரேக் பேட்

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுகின்றனர். எத்தனை குதிரைத் திறன், எத்தனை வினாடியில் எவ்வளவு வேகம் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். அவ்வேகத்தை அடக்குவதற்கு எவ்வளவு திறன் வேண்டும் என்று கேட்போர் மிகச் சிலரே. ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போமானால், வண்டியில் அமைந்துள்ள யந்திரங்களுள் மிகுந்த திறனுடையது எஞ்சின் அன்று, பிரேக்கே என்பது விளங்கும்.

கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்த ஊர் எருத்தேன்பதி. தமிழ் வழங்கும் இச்சமவெளிப் பகுதியினர் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நாள்தோறும் சென்று வருகின்றனர். கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் பந்தயத் தளம் உள்ளது. குறைந்த செலவில் பந்தய வண்டிகளை வடிவமைத்துப் புகழ் பெற்று, 1995ஆம் ஆண்டில் மறைந்த எஸ். கரிவர்தன் அவர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட இத்தளம் 2003ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. இதன் நீளம் 2.1 கிலோமீட்டர். இத்தகைய தளங்களில் போட்டி ஏதுமின்றி, பொதுமக்கள் தம் சொந்தக் கார்களையே கொணர்ந்து வேகமாக ஓட்டிப் பழகும் நாள்களும் உண்டு. அவற்றை ‘டிராக் டே’ என்பர். காலையில் சாலை வழியே சென்று, பகலில் தளத்தில் ஓட்டி, மாலையில் அதே காரில் வீடு திரும்புவது வழக்கம். இம்மூன்று வேலைகளுக்கும் ஒரே பிரேக் பேட் உதவ வேண்டும் என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பிரச்சினை.

வேகம் எங்கே போகிறது?

1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, வளைவுக்கு முன் 60 கிலோமீட்டராகக் குறைகிறது என்று கொள்வோம். அப்போது அது இழக்கும் இயக்கச் சக்தி ஏறத்தாழ 5 லட்சம் ஜூல். ஒன்றரை லிட்டர் நீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்கு ஏற்றுவதற்கு இச்சக்தி போதுமானது. இவ்வளவும் இரண்டே வினாடிகளில் வெப்பமாக மாறிவிடுகிறது. திறனாகக் கணக்கிட்டால் இது 250 கிலோவாட். 75 கிலோவாட் எஞ்சின் பொருத்திய காரின் பிரேக்கு, அந்த எஞ்சினைப் போல் மூன்று மடங்குக்கு மேற்பட்ட வேலையை அச்சிறு பொழுதில் செய்கிறது.

வேகம் குறையும்போது எடை முன்புறம் சாய்வதால், இவ்வெப்பத்தில் சுமார் பத்தில் ஏழு பங்கு முன்சக்கரப் பிரேக்குகளையே சாரும். முன்சக்கர டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோகிராம் வார்ப்பிரும்பாலானது என்று கொண்டால், ஒரு முறை மிதிப்பதாலேயே அதன் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் உயரும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது.

மலைச்சாலையில் பழகியவர், தம் பிரேக்கு இதைவிடக் கடினமான சோதனையைத் தாங்கியதே என்று எண்ணக் கூடும். வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலையில் நம் கார் 800 மீட்டர் உயரம் இறங்கினால், வெளிப்படும் சக்தி சுமார் 94 லட்சம் ஜூல். பந்தயத் தளத்தில் நிமிடத்திற்கு இருமுறை மேற்சொன்னவாறு மிதித்தால், பத்து நிமிடத்தில் வெளிப்படுவது ஒரு கோடி ஜூல். இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆனால், மலையிறக்கத்தில் அச்சக்தி நீண்ட நேரத்தில் பரவுகிறது. அதில் ஒரு பகுதியைத் தாழ்ந்த கியரில் ஓடும் எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்கின்றன. தளத்திலோ பெரும்பகுதியும் பிரேக்கின் மீதே விழுகிறது. ஆகவே மலையில் குறை சொல்ல முடியாத பேட், தளத்தில் சில சுற்றுகளிலேயே சோர்ந்து போவதில் வியப்பில்லை.

பேட் சோர்வடைவது ஏன்?

பிரேக் பேட் என்பது எஃகுத் தகட்டின் மேல் ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள். நாரிழைகள், உலோகத் தூள், கிராஃபைட், கனிமப் பொடிகள் ஆகியவற்றைப் பீனாலிக் பிசின் ஒன்று பிணைத்து நிற்கிறது. வெப்பநிலை 300 பாகையைத் தாண்டி உயர உயர, இப்பிசின் சிதைந்து வாயுக்களை வெளியிடத் தொடங்குகிறது. பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே அவ்வாயு மெல்லிய படலமாக நிற்கவே, உராய்வு குன்றுகிறது. அந்நிலையில் மிதிகட்டை காலுக்கு உறுதியாகவே இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வண்டி மட்டும் நிற்பதில்லை. இதனையே பிரேக்கின் சோர்வு என்கிறோம்.

வெப்பத்தை வெளியேற்றும் முயற்சியே பிரேக்கின் வரலாறு எனலாம். உள்ளே வெப்பத்தைத் தேக்கும் டிரம்மினும், காற்றுக்குத் திறந்து நிற்கும் டிஸ்க் சிறந்தது என்பதை, 1953ஆம் ஆண்டில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக்குடன் வென்ற ஜாகுவார் கார் உலகறியச் செய்தது.

இன்று கடைகளில் கிடைக்கும் பேடுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆர்கானிக் வகை மென்மையானது. ஓசையின்றிக் குளிரிலும் நன்கு பிடிக்கும். ஆனால் ஏறத்தாழ 350 பாகைக்கு மேல் நம்பத்தக்கதன்று. செராமிக் எனச் சாலைக் கார்களுக்கு விற்கப்படுவது தூசி குறைந்தது, நெடுநாள் உழைப்பது. பெயரைக் கண்டு அதனைப் பந்தயத்திற்குரியதென மயங்குதல் கூடாது. செமி மெட்டாலிக் வகையில் இரும்பு, எஃகு இழைகள் மிகுதி. அது வெப்பத்தை அதிகமாகத் தாங்கும். ஆயின் சற்று ஓசையும் தூசியும் தரும். டிராக் டேக்கென்று செய்யப்படும் பேடுகளுள் பல இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தவை.

எழுத்துகள் கூறுவதும் கூறாததும்

பல பேடுகளின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கத்தின் முறைப்படி, முதலெழுத்து மிதமான வெப்பத்திலும், இரண்டாவது எழுத்து மிகுந்த வெப்பத்திலும் உள்ள உராய்வு எண்ணைக் குறிக்கும். ‘ஈ’ என்றால் 0.25 முதல் 0.35 வரை, ‘எஃப்’ என்றால் 0.35 முதல் 0.45 வரை, ‘ஜி’ என்றால் 0.45 முதல் 0.55 வரை. முதலெழுத்தினும் இரண்டாவது எழுத்துத் தாழ்ந்ததாயின், அப்பேட் சூட்டில் தளர்வது என அறியலாம்.

எனினும் இச்சோதனையின் மேல் எல்லை ஏறத்தாழ 343 பாகை மட்டுமே. பந்தயத் தளத்தில் டிஸ்கின் வெப்பநிலை 500 பாகையையும் எட்டக் கூடும். அங்கே பேட் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை இவ்வெழுத்துகள் கூறுவதில்லை. அதற்குத் தயாரிப்பாளர் வெளியிடும் உராய்வு–வெப்பநிலை வரைபடத்தைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.

உராய்வு எண் மிகுந்தால் வண்டி விரைவில் நிற்கும் என்பது பொதுவான தவறான எண்ணம். சக்கரம் பூட்டிக்கொள்ளும் அளவுக்கு, அல்லது ஏபிஎஸ் இயங்கத் தொடங்கும் அளவுக்கு, நல்ல நிலையிலுள்ள சாதாரணப் பிரேக்கே அழுத்தம் தர வல்லது. அதற்கு மேல் நிறுத்தத் தொலைவைத் தீர்மானிப்பவை டயரும் தரையும். ஆகவே நாம் தேட வேண்டியது மிகுந்த உராய்வை அன்று. எல்லா வெப்பநிலையிலும் மாறாத உராய்வை.

இங்கேதான் எதிர்ப்புறத்து அபாயமும் நிற்கிறது. முழுப் பந்தயத்திற்கென்றே செய்யப்பட்ட பேடுகளுள் பல, சுமார் 200 பாகையைத் தாண்டிய பின்னரே தம் முழுத் திறனைக் காட்டும். எருத்தேன்பதியிலிருந்து வேலந்தாவளம் வழியே காலைக் குளிரில் செல்லும் காரின் பிரேக் அவ்வெப்பத்தை அடைவதே இல்லை. தளத்தில் வெற்றி தரும் அப்பேட், சாலையில் குறுக்கே ஓடி வரும் ஆட்டுக்குட்டிக்காக மிதிக்கும் முதல் மிதியில் கைவிட்டுவிடலாம். டிஸ்கையும் அது விரைந்து தேய்க்கும். சாலையிலும் ஓடும் காருக்கு, குளிர்ந்த நிலையிலேயே நன்கு பிடித்து, 500 அல்லது 600 பாகை வரையில் தளராத இடைப்பட்ட பேடே ஏற்றது. முழுப் பந்தயப் பேடையே விரும்புவோர், தளத்தை அடைந்த பின் அதனைப் பூட்டி, திரும்புமுன் சாலைப் பேடை மீண்டும் மாட்டுதல் வேண்டும்.

முன்னும் பின்னும்

நம் நாட்டுச் சிறு கார்கள் பலவற்றில் முன்சக்கரங்களுக்கு டிஸ்கும், பின்சக்கரங்களுக்கு டிரம்மும் அமைந்துள்ளன. அவற்றில் முன்புறப் பேடை மட்டுமே மாற்ற இயலும். உராய்வு எண் மிக உயர்ந்த பேடை முன்புறம் இட்டால், பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் முன்புறமே மேலும் சூடேறும். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் உள்ள காரில், பின்புறத்தில் மட்டும் வலிய பேடை இடுவது பெருந்தவறு. பின்சக்கரம் முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

பேடின் தடிப்பையும் கவனித்தல் வேண்டும். உராய்வுப் பொருளே காலிப்பருக்கும் டிஸ்குக்கும் இடையே வெப்பத்தைத் தடுக்கும் திரையாகும். பாதிக்கு மேல் தேய்ந்த பேடுடன் தளத்தில் இறங்குதல் தகாது. தடிப்புக் குறையக் குறைய, பிரேக் எண்ணெயை வெப்பம் எளிதில் எட்டும்.

எண்ணெயும் கொதிக்கும்

சிறந்த பேடைத் தேர்ந்தெடுத்து, பழைய எண்ணெயை அப்படியே விட்டுவைப்பது பாதி வேலையே ஆகும். கிளைக்கால் வகைப் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் தரத்திற்கு, புதிய நிலையில் கொதிநிலை குறைந்தது 230 பாகை; ஈரம் ஏறிய நிலையில் 155 பாகை மட்டுமே. டாட் 5.1 தரத்திற்கு இவை முறையே 260, 180 பாகைகள். தென்மேற்குப் பருவமழையின் ஈரக்காற்று வீசும் பாலக்காட்டுக் கணவாய்ப் பகுதியில் இதனை நினைவில் கொள்ளுதல் நன்று.

எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். ஆவி அழுத்தத்திற்கு எளிதில் சுருங்குவதால், மிதிகட்டை மெத்தென்று தரைவரை இறங்கிவிடும். மிதிகட்டை உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையெனில் குறை பேடில்; மிதிகட்டையே அமிழ்ந்துவிட்டால் குறை எண்ணெயில். இவ்வேறுபாட்டை அறியாதவர், எண்ணெயை மாற்ற வேண்டிய இடத்தில் விலையுயர்ந்த பேடை வாங்கி ஏமாறுவர். டாட் 5 என்பது சிலிக்கோன் வகை. பெயர் ஒத்திருப்பினும் அதனை மற்றவற்றுடன் கலத்தல் ஆகாது.

பழக்குதலும் ஆறவிடுதலும்

புதுப் பேடை மாட்டியவுடன் தளத்தில் இறங்கினால், அதில் எஞ்சியுள்ள வாயுக்கள் திடீரென வெளிப்பட்டு உராய்வைக் கெடுக்கும். முன்னதாகவே, போக்குவரத்து இல்லாத இடத்தில், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 30 வரை எட்டு அல்லது பத்து முறை, முழுதும் நிற்காமல், படிப்படியாக அழுத்தம் கூட்டி வேகத்தைக் குறைத்தல் வேண்டும். பின்னர்ச் சில கிலோமீட்டர் தொலைவு பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதனால் பேடின் பொருள் டிஸ்கின் மீது சீரான மெல்லிய படலமாகப் படிகிறது. தயாரிப்பாளர் வேறு முறை கூறியிருப்பின் அதையே பின்பற்றுக.

தளத்தில் ஒவ்வோர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றையும் மெதுவாக ஓட்டி முடித்தல் நலம். நின்ற பின் மிதிகட்டையை அழுத்தியபடி இருத்தலும், கைப்பிரேக்கை இழுத்தலும் கூடா. சூடான பேடின் பொருள் ஓரிடத்தில் அப்பிக்கொள்ள, பின்னர் மிதிக்கும்போதெல்லாம் அதிர்வு தோன்றும். அவ்வாறு நிறுத்துகையில் வண்டி உருளாதிருக்கக் கியரில் விட்டு, சக்கரத்திற்குக் கட்டை கொடுத்தால் போதும்.

புறப்படுமுன் பேடின் தடிப்பையும், டிஸ்கில் விரிசல் உண்டா என்பதையும், எண்ணெயின் அளவையும், சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் ஆறிய பின் பார்த்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. தளத்தில் பிரேக்கு தவறினால் அங்கே மண்பரப்பும் தடுப்பும் உண்டு. உதவிக்கு ஆட்களும் உண்டு. மாலைச் சாலையிலோ சைக்கிளில் வருவோரும், பள்ளி விட்டுத் திரும்பும் சிறுவரும், நெல் ஏற்றிய வண்டிகளும் உள்ளன. வேகமான சுற்றுக்கு உதவும் பேட் எது என்று கேட்பவர், வீடு திரும்பும் வழியிலும் முதல் மிதியிலேயே வண்டியை நிறுத்தும் பேட் எது என்றும் சேர்த்துக் கேட்பாராயின், அவருடைய தேர்வு பெரும்பாலும் சரியானதாகவே அமையும்.