பாலூ தம்பி (எழுத்துரு)

பாலூ தம்பி என்பது தமிழ், இலத்தீன் ஆகிய இரு எழுத்துமுறைகளுக்கும் பயன்படும் கட்டற்ற தலைப்பு எழுத்துரு ஆகும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கிய பாலூ எழுத்துருக் குடும்பத்தின் தமிழ் வடிவம் இது. இதன் தமிழ் எழுத்துகளை ஆதர்ஷ் ராஜன் வடிவமைத்தார். 2016இல் கூகுள் எழுத்துருக்கள் தளத்தில் வெளிவந்தது.

பெயர்

ருட்யார்ட் கிப்ளிங்கின் 'தி ஜங்கிள் புக்' கதைகளில் வரும் கரடியின் பெயர் பாலூ. குடும்பத்தின் மற்ற எழுத்துருக்களின் பெயரில் அந்தந்த மொழியில் சகோதரனை அழைக்கும் சொல் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழில் தம்பி, மலையாளத்தில் சேட்டன், தெலுங்கில் தம்முடு, பஞ்சாபியில் பாஜி என அமைந்துள்ளன.

வடிவம்

கோடுகள் தடித்தவை, மூலைகள் உருண்டவை. கையால் வரைந்தது போன்ற விளையாட்டுத்தன்மை இருந்தாலும் எழுத்துகளின் அடிப்படை உருவம் சிதைவதில்லை. முதல் பதிப்பில் ஒரே தடிமன் இருந்தது. 'பாலூ தம்பி 2' ஐந்து தடிமன்களில் கிடைக்கிறது.

கைவரைவு மரபு

கணினிக்கு முன்பு இத்தகைய எழுத்துகளை ஓவியர்களே வரைந்தனர். திருச்சிராப்பள்ளி மாவட்டம் கீராம்பூரில் பிறந்த ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) இதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் வரைந்த தலைப்பெழுத்துகள் புகழ்பெற்றவை. திருச்சிக் கடைவீதிகளிலும் ஸ்ரீரங்கத்து வீதிகளிலும் கடைப்பெயர்களைத் தூரிகையால் எழுதிவந்த ஓவியர்களின் வேலையைப் பிளக்ஸ் பதாகைகள் பெருமளவு பறித்துக்கொண்டன. கையெழுத்தின் நெளிவு பலகைகளில் குறைந்து, எங்கும் ஒரே மாதிரியான எழுத்துகள் பரவின. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புபவை இத்தகைய எழுத்துருக்கள். ஆனால் ஓவியர் ஒவ்வொரு பலகைக்கும் புதிதாக வரைவார். எழுத்துருவில் ஒரு 'க' எங்கும் அதே 'க' தான்.

பயன்பாடு

சிறுவர் நூல் அட்டை, சுவரொட்டி, கடைப் பலகை, தின்பண்டப் பொதி, செயலிப் பொத்தான் ஆகியவற்றுக்கு ஏற்றது. பத்தி பத்தியாக வரும் உரைக்கு ஏற்றதன்று. அளவு குறையும்போது ண, ஞ, றூ போன்ற எழுத்துகளின் உள்வெளிகள் அடைபடும். புள்ளி எழுத்தோடு ஒட்டியதுபோல் தோன்றும். புள்ளி மறைந்தால் 'கல்', 'கல' ஆகிவிடும். எனவே அச்சிடும் முன், பலகையைப் பார்க்கும் தொலைவிலிருந்து படித்துப் பார்ப்பது நல்லது.

இது ஒருங்குறி எழுத்துரு. பாமினி போன்ற பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த உரையை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். இந்திய மொழிகளுக்கான அமைப்பு இல்லாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் 'கெ' என்பதன் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும்.

உரிமம்

எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியிடப்பட்டுள்ளது. வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். மாற்றியமைத்து அதே உரிமத்தில் வெளியிடலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. பணம் கொடுத்து எழுத்துரு வாங்க இயலாத சிறு கடைகளுக்கும் மாணவர் இதழ்களுக்கும் இது உதவுகிறது.