நெற்களஞ்சிய ஊரில் ஒளிந்திருக்கும் கோதுமை

காவிரி டெல்டாவில், பாபநாசத்தை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல்லில் எழுப்பிய, கூம்பு முடியுள்ள பிரம்மாண்டமான குதிர். குறுவை, சம்பா, தாளடி என்று நெல்லை வைத்தே காலத்தைக் கணக்கிட்ட பூமி இது.

இந்த ஊரில் ஒருவரிடம் மருத்துவர் "இனிமேல் கோதுமையைத் தொடக் கூடாது" என்றால், வீட்டில் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள். நாம் சோறு தின்கிறவர்கள்தானே! ஆனால் ஒரு நாள் சாப்பாட்டை எழுதிப் பாருங்கள். காலையில் ரவா உப்புமா, பதினோரு மணி டீக்குப் பிஸ்கட், சாயங்காலம் பேக்கரி பப்ஸ், ராத்திரி சர்க்கரைக்குப் பயந்து இரண்டு சப்பாத்தி. ரவை, மைதா, சேமியா எல்லாமே கோதுமைதான். மதியச் சோறு ஒன்றுதான் மிச்சம். அதன் சாம்பாரிலும் ஒரு சந்தேகம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ஒரு புரதத் தொகுதிக்குக் குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவு ரப்பர் போல இழுபடுவது அதனால்தான். பெரும்பாலோருக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும், குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலைத் தாக்குகிறது. குடலின் உள்சுவரில் சத்தை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் மழுங்கிப் போகின்றன. வயிற்றுப்போக்கு, உப்புசம், எடை குறைவு எல்லாம் அதன் விளைவு. சிலருக்கு வயிற்றில் தொல்லையே இருக்காது. எத்தனை இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் ரத்தசோகை தீராது. சில குழந்தைகள் வயதுக்கேற்ற உயரம் வளராமல் நின்றுவிடுவார்கள்.

காரணம் கோதுமைதான் என்று உறுதியானதற்குப் பின்னால் ஒரு பஞ்சம் இருக்கிறது. 1944–45 குளிர்காலத்தில், நாஜிகளின் பிடியில் இருந்த நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. முன்பிருந்தே கோதுமையைச் சந்தேகித்துவந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ, 1950இல் தன் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கை விளக்கினார்.

நம் நாட்டுக் கதை வேறு மாதிரி. குடல் நோய் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலான குழு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. வடக்கில் ஆயிரம் பேருக்கு எட்டரை பேர் என்ற அளவில் இருந்த நோய், தெற்கில் பத்தாயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தது. இந்த நோய்க்கு இடம் தரும் மரபணு உள்ளவர்களோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான்: வடக்கில் 38 சதவீதம், தெற்கில் 36 சதவீதம். வேறுபாடு தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கில் 25 கிராம். நெல் நம்மைக் காத்துவந்திருக்கிறது என்று படுகிறது. அந்த 25 கிராம் அப்படியே நிற்குமா என்பது, ஊருக்கு ஊர் பெருகும் பரோட்டாக் கடைகளைப் பார்த்தால் சந்தேகம்தான்.

நோய் அரிது என்பதால் இன்னொரு சிக்கல்: மளிகைக் கடைக்காரருக்கோ சமையல்காரருக்கோ இது பற்றித் தெரியாது. சாம்பார்ச் சந்தேகம் இதுதான். கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். பிசினோடு மைதாவும் சேர்ப்பது வழக்கம். அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, பொட்டலத்தைத் திருப்பிப் படிக்க வேண்டும். தள்ளுவண்டி ஃப்ரைடு ரைஸ் அரிசிதான். அதில் ஊற்றும் சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. மால்ட் பானங்களில் பார்லி. திருவையாற்று அசோகாவைப் பாசிப்பருப்பு அல்வா என்று நம்பிச் சாப்பிடுவார்கள்; பருப்போடு கோதுமை மாவோ மைதாவோ சேர்த்துக் கிளறுவதுதான் அதன் பக்குவம். ஓட்டலில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள்.

மாவு மில்லை மறந்துவிடக் கூடாது. அரிசியைக் கொட்டும் முன், "இப்பத்தான் மிளகாய் அரைச்சீங்களா?" என்று கேட்காத பெண் டெல்டாவில் இல்லை. அதே கேள்வியைக் கோதுமைக்கும் கேட்க வேண்டும். முடிந்தால் வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துக்கொள்வது நல்லது.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 2022இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் அடிக்கடி வரும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது பெற்றோர் பொறுப்பு.

கோதுமையை விட்டவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் புகார், "சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துல பசிக்குது." பாதி நல்ல செய்தி இது, குடல் ஆறும்போது பசி எழும், எடை ஏறும். மறுபாதி, தட்டில் பட்டை தீட்டிய வெள்ளைச் சோறு மட்டும் மலையாகக் குவிவதால் வருவது. சோற்றைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், காய், சுண்டல் என்று கூட்டினால் பசி தாங்கும். நார்ச்சத்து குறைந்தால் மலச்சிக்கல் வரும். அதற்குக் கீரையும் கேழ்வரகும் கம்பும் கைகொடுக்கும். விலை உயர்ந்த குளூட்டன் இல்லாத பிஸ்கட்டைத் தேடி அலைவதில் அர்த்தமில்லை. அரிசி உப்புமா, அடை, இடியாப்பம், கொழுக்கட்டை, அவல், பொரி என்று நம் அடுப்படியில் இல்லாததா? பொட்டலம் வாங்கியே தீர வேண்டுமென்றால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று போடக் கூடாது என்பது இந்தியச் சட்டம்.

எல்லாம் விட்டும் வயிறு பொருமுகிறதா? புண்பட்ட குடலுக்குப் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் கொஞ்ச காலம் குறைந்திருக்கும். பாலை நிறுத்திவிட்டுத் தயிரும் மோரும் எடுத்துப் பார்க்கலாம். சிலருக்கு வெங்காயமும் பயறு வகைகளும் காற்றைக் கிளப்பும். ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரிந்துவிடும். சில வாரங்களாகியும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் திரும்பப் போக வேண்டும். குடல் காசநோயும் இதே அறிகுறிகளைக் காட்டும்.

இன்னும் எதையும் விடாமல், இதைப் படித்துவிட்டு நாளைக்கே சப்பாத்தியை நிறுத்த நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீலியாக் நோயை முதலில் ரத்தப் பரிசோதனையிலும், பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகக் குடல் திசுவை எடுத்துப் பார்த்தும் உறுதி செய்கிறார்கள். கோதுமையை முன்பே விட்டிருந்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஆகவே சோதனை முடியும்வரை வழக்கம்போலவே சாப்பிடுங்கள்.