அலுமாரியைச் சுரண்டும் முன்

முன்னேஸ்வரத்தில் ஆவணித் திருவிழா நெருங்கினால் முன்னைநாதர் கோயிலைச் சுற்றியுள்ள வீடுகளிலும் பெயின்ட் வாளிகள் வந்து இறங்கிவிடும். ஏறத்தாழ நான்கு வாரம் நடக்கும் திருவிழா. தெதுறு ஓயாவில் தீர்த்தம் முடியும்வரை சிலாபம், உடப்பு, கொழும்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் உறவினர்கள் வந்துபோவார்கள். முன்பெல்லாம் சுவருக்குச் சுண்ணாம்பு, கதவுக்கு எனாமல் என்பதோடு வேலை முடிந்துவிடும். இப்போது சுவரில் டெக்ஸ்சர், ஸ்டென்சில் பூ, பளிங்குக் கோலம். பான்ட்ரி கபர்ட்டுக்கு மினுங்கும் ஸ்பிரே. அம்மம்மாவின் பலா அலுமாரிக்கு 'ஆன்டிக்' தோற்றம். யூடியூப்பைப் பார்த்து வீட்டுப் பிள்ளைகளே தூரிகையைக் கையில் எடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். புதுத் தளபாடம் விற்கும் விலையில், பழையதைப் புதுப்பிப்பது புத்திசாலித்தனமும்கூட.

அதில் ஒரு வேலையை மட்டும் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஆன்டிக் தோற்றம் என்பது இப்படிச் செய்யப்படுகிறது: பழைய அலுமாரிக்கு மேல் மங்கலான சுண்ணப் பூச்சு ஒன்று, காய்ந்தபின் அதன்மேல் வேறு நிறத்தில் இன்னொன்று. பிறகு விளிம்பு, கைப்பிடி, செதுக்குவேலை உள்ள இடங்களைச் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். மேல் பூச்சு விலகி, கீழே இருக்கும் பழைய பச்சையோ மஞ்சளோ ஆங்காங்கே எட்டிப் பார்க்கும். அதுதான் அழகு என்கிறார்கள். தேய்க்கும்போது எழும் மெல்லிய தூசி தரையிலும் பாயிலும் துவைத்துக் காயப்போட்ட துணியிலும் படிகிறது. தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கிறது. அலுமாரியின் அந்தப் பழைய பச்சை நாற்பது வருடத்துக்கு முந்திய எனாமல் என்றால், குழந்தையின் வாய்க்குள் போவது ஈயமாக இருக்கக்கூடும்.

எனாமலில் ஈயம் எதற்கு? பெரும்பாலும் நிறத்துக்காக. பளிச்சென்ற மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் ஈயக் குரோமேட் மலிவானது, வெயிலில் மங்காதது. அதோடு நீலத்தைக் கலந்தால் பச்சை. எண்ணெய்ப் பூச்சு விரைவில் காயவும் ஈயச் சேர்மங்களைச் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. கடற்கரைக் காற்றில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க யன்னல் கம்பி, கேற், கிணற்றுக் கப்பித்தூண் எல்லாவற்றுக்கும் பூசிய செம்மஞ்சள் அடிப்பூச்சு சிலவேளை செவ்வீயமாக இருக்கும். இன்று அதே இடத்தில் பெரும்பாலும் இரும்பு ஒக்சைட் அடிப்பூச்சுதான் பூசுகிறார்கள், அதில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். எனவே பழைய கேற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

உடம்புக்கு ஈயத்தால் ஒரு பயனும் இல்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வாய்வழி போகும் ஈயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல நான்கைந்து மடங்கைச் சிறு குழந்தையின் உடம்பு உறிஞ்சும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். படிப்பில் பின்தங்கல், கவனச் சிதறல், இரத்தசோகை என்று வெளிப்படும். பெரும்பாலும் காய்ச்சலோ வாந்தியோ வராது, அதனால் யாரும் பெயின்டைச் சந்தேகிப்பதில்லை. பெரியவர்களின் எலும்பில் வருடக்கணக்காகத் தங்கியிருக்கும் ஈயம் கருவுற்ற காலத்தில் மறுபடி இரத்தத்தில் கலந்து சிசுவைச் சேரும். ஆகவே தொட்டிலுக்குப் புதுப் பெயின்ட் பூசும் வேலையைக் கர்ப்பிணி செய்வது எவ்வளவு ஆசையான காரியமாக இருந்தாலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் இரத்தப் பரிசோதனையில் தெரியும். ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டல்.

இலங்கையில் இதற்குச் சட்டம் வந்த கதையை அறிந்திருப்பது நல்லது. 2009 இல் இலங்கை உட்படப் பல நாடுகளில் கடைகளில் விற்கும் பெயின்டுகளை வாங்கிப் பரிசோதித்த சர்வதேச ஆய்வொன்று வெளிவந்தது. தண்ணீரில் கரையும் சுவர்ப் பூச்சுகளில் ஈயம் மிகக் குறைவு, எண்ணெய் சார்ந்த எனாமல்களில் பெரும்பாலானவற்றில் மிக அதிகம் என்பது அதன் முடிவு. அதன்பின் 2011 இல் சுற்றாடல் நீதிக்கான மையம் என்ற அமைப்பு இதுபற்றி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை அதிவிசேட வர்த்தமானி மூலம் ஈயத்துக்கு உச்ச அளவு விதித்தது. 2013 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. சுவருக்குப் பூசும் இமல்ஷனில் பத்து இலட்சத்தில் 90 பங்கு, எனாமலிலும் தரைப் பூச்சிலும் 600 பங்கு, சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கான பூச்சில் 90 பங்கு.

அந்த வர்த்தமானியில் எனக்கு ஒரு குறை உண்டு. இமல்ஷனுக்கு 90 என்று கட்டியது சுலபமான வேலை, அதில் ஈயம் முன்பே குறைவு. கதவு, தொட்டில், கதிரை, அலுமாரி ஆகியவற்றில் பூசுவது எனாமல், குழந்தையின் கை படுவதும் அங்கேதான். அதற்கு 600 வரை இடம் விட்டது கை நடுங்கிய முடிவு. அமெரிக்கா 1978 இல் 600 என்று வைத்து, 2009 இல் 90 க்கு இறக்கியது. இந்தியா 2016 இல் விதி செய்து, 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயின்ட் எல்லாவற்றுக்கும் 90 என்றது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைப்பதும் 90 தான். ஆகவே கடையில் எனாமல் வாங்கும்போது 'சட்டப்படி சரி' என்ற பதிலோடு நிற்காமல், ஈயம் 90 க்குக் கீழ் என்று ரின்னில் அச்சிட்டிருக்கிறதா எனக் கேளுங்கள். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் சின்னம் இருக்கிறதா எனப் பாருங்கள். லேபல் இல்லாத ரின்னில் சில்லறையாக ஊற்றித் தரும் எனாமல் எவ்வளவு மலிவானாலும் பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்கு வேண்டாம்.

பழைய பூச்சுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்: 2013 க்கு முன் பூசிய எனாமல் எதுவானாலும், பரிசோதித்து இல்லையென்று தெரியும்வரை அதில் ஈயம் இருப்பதாகவே நினைத்து நடக்க வேண்டும். பூச்சு உரியாமல் உறுதியாக இருந்தால் அதைச் சுரண்டாதீர்கள். சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, பிடிப்புக்கான அடிப்பூச்சுப் பூசி, மேலே வேண்டிய நிறத்தைப் பூசுங்கள். ஆன்டிக் தோற்றம் வேண்டுமென்றால், கீழ்நிறமாகவும் புதிய பூச்சொன்றைப் பூசிக் காயவிட்டு, அந்தப் புதுப் படலத்தோடு தேய்ப்பை நிறுத்திக்கொள்ளலாம். இல்லையேல் தேய்க்காமலே, உலர்ந்த தூரிகையால் விளிம்பில் இழுத்து அதே தோற்றத்தைக் கொண்டுவரலாம். கைதேர்ந்த பெயின்ட் பாஸ்மாருக்கு இது தெரிந்த வித்தைதான்.

தேய்த்தே ஆகவேண்டும் என்றால் ஈரமாகத் தேய்க்க வேண்டும். வீட்டுக்கு வெளியே, பொலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து. கிரைண்டர் வேண்டாம். சுடுகாற்று அடித்தோ தீக்கொழுத்தியோ உரிப்பது அதைவிட மோசம், ஈயம் புகையாக எழும். வேலை முடிந்தபின் விளக்குமாறு எடுக்காதீர்கள்; ஈரத்துணியால் துடைத்து, துணியையும் பொலித்தீனையும் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு ஊறவைக்காதீர்கள். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புத்தளம் கரையோரம் மணல் நிலம், கிணறு ஆழமில்லை. வேலை முடிந்த பாஸ் கிணற்றடியில் உட்கார்ந்து தின்னரில் தூரிகை கழுவுவது எங்கும் காணும் காட்சி. அந்தத் தண்ணீர் மணலுக்குள் இறங்கிப் போய்ச் சேருமிடம் நீங்கள் சோறு சமைக்க அள்ளும் கிணறு. பழைய தின்னரை ஒரு போத்தலில் தெளியவிட்டு மேலே இருப்பதை மறுபடி பாவிக்கலாம். அடியில் நிற்கும் கசடை மணலிலும் ஊற்றக்கூடாது, தெதுறு ஓயாவிலும் களப்பிலும் ஊற்றக்கூடாது.

பான்ட்ரி கபர்ட்டுக்கு அடிக்கும் இரட்டைக்கலவைப் பூச்சு வேறு வகை ஆபத்து. பூச்சு ஒரு ரின், ஹார்ட்னர் ஒரு ரின் என்று வருமே, அதுதான். ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கும். ஸ்பிரே அடிக்கும்போது அந்த மூடுபனி நெஞ்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். கொரோனாக் காலத்து நீலநிற முகக்கவசம் தூசிக்கே போதாது, ஆவிக்கு ஒன்றுமே செய்யாது. வடிகட்டிக் குப்பி பூட்டிய மாஸ்க்கும் கதவு யன்னல் திறந்த இடமும் வேண்டும்; அந்த மாஸ்க்கின் செலவைக் கூலியோடு சேர்த்துக் கொடுப்பது வீட்டுக்காரருக்கு அழகு. பெயின்டர் தொழிலையே புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் ஒன்றாகச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. சாமி விளக்கு எரியும் அறையில் தின்னர் ரின்னைத் திறந்து வைக்காதீர்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் நெருப்பு வைக்காமலே அது தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த ரின்னில் அமிழ்த்துங்கள்.

சுவர் விஷயத்தில் ஆபத்து உடம்புக்கல்ல, பணத்துக்கு. கடற்காற்றும் உப்புநீரும் சேர்ந்த இந்தப் பகுதியில் சுவரில் உப்புப் பூப்பது சாதாரணம். புதுச் சாந்து பூசிய சுவர் நன்றாகக் காய ஏறத்தாழ ஒரு மாதம் பிடிக்கும். திருவிழாவுக்கு முன் முடிக்க வேண்டுமென்று ஈரச்சுவரில் விலையான டெக்ஸ்சரைப் பூசினால் இரண்டு மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அப்போது பாஸ் பெயின்டைக் குறைசொல்வார், கடைக்காரர் பாஸைக் குறைசொல்வார்.

சட்டம் பயன்படும் இடம் இது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருளைப் பற்றிப் பொய்யாகவோ மயக்கும்படியோ சொல்லி விற்பது குற்றம். 'ஈயம் இல்லை', 'பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது' என்று சொல்லித் தந்தது அப்படி இல்லாவிட்டால் முறையிடலாம். காசு வாங்கிச் செய்யும் சேவையும் கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், அதற்குப் பாவித்த பொருள் அந்த வேலைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் தரும் உத்தரவாதம்; ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் அது உண்டு. ஆனால் முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கிய நாளிலிருந்து அல்லது வேலை நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்குப் போய்ச் சேரவேண்டும். நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். சுவர் கொப்புளித்ததும் 'மழை முடியட்டும் பார்ப்போம்' என்று பாஸ் சொல்ல, நாமும் தலையாட்ட, மழையோடு மூன்று மாதமும் முடிந்துவிடும்.

எனவே பற்றுச்சீட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை. ரின்னின் லேபலையும் தொகுதி இலக்கத்தையும் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். வேலை தொடங்கும் முன் எத்தனை பூச்சு, எந்தப் பெயின்ட், என்ன கூலி, பழுதானால் யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். தெரிந்த பாஸ்தானே என்று வெட்கப்பட வேண்டியதில்லை, அந்தத் தாள் அவருடைய கூலிக்கும் பாதுகாப்பு. அதிகாரசபையின் துரித இலக்கம் 1977. கூலியும் நட்டமும் பற்றிய சிறு தகராறு என்றால் நீதிமன்றப் படி ஏறாமல் மத்தியஸ்த சபையில் செலவின்றித் தீர்க்கலாம். ஒப்பந்தக்காரரின்கீழ் வேலை செய்து சாரத்திலிருந்து விழுந்த தொழிலாளிக்கு 1934 முதல் இருந்துவரும் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின்கீழ் இழப்பீடு கோர வழியுண்டு.

சிலாபம் பக்கத்து அலுவலகங்களில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடப்பதால் முறையிடத் தயங்குகிறவர்கள் நம்மில் பலர். வட கிழக்குக்கு வெளியே வாழும் தமிழரும் அரச அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் தமிழில் வராவிட்டால், தமிழில் தரும்படி இன்னொரு கடிதம் எழுதுங்கள்.